முடிசூடிய கையோடு நாய்க்குக் குளியல்!

லண்டன், கென்சிங்டன் அரண்மனை. மாடியிலிருந்து ஒரு சிறுமி இறங்கி வருகிறாள். நாளைக்கு இங்கிலாந்தையே ஆளப்போகிறவள்! ஆனால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளாமல் ஒரு படிகூட இறங்கக்கூடாது. தூங்குவதும் அம்மாவின் அறையில்தான். அவள்தான் விக்டோரியா.

1819 மே 24-ல் பிறந்தவள். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாவை ஆட்டிவைத்த ஜான் கான்ராய் என்ற அதிகாரி, மகளையும் கைக்குள் போட்டுக்கொண்டால் அதிகாரம் தனக்குத்தான் என்று கணக்குப் போட்டார். சேர்ந்து விளையாடப் பிள்ளைகள் குறைவு. பதிலுக்கு மர பொம்மைகள்... மொத்தம் 132! ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பலவற்றுக்கு நாடக மேடையில் பார்த்ததுபோல உடை. ஆசிரியை லேசனோடு உட்கார்ந்து, குட்டிக் குட்டியாகத் தைத்துத் தைத்துப் போட்டிருக்கிறாள்.

1835-ல் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில், 16 வயதில், கடும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கான்ராய் காகிதத்தை நீட்டினார். ராணியானதும் அவரையே அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மாவும் அவர் பக்கம். அவளோ கடைசிவரை போடவே இல்லை! இந்த இடத்தில் அவளுக்கு எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது எனக்கு.

1837 ஜூன் 20, காலை 6 மணி. பெரியப்பா நான்காம் வில்லியம் காலமான செய்தி வந்தது. 18 வயது ராணி, செய்தி கொண்டுவந்தவர்களைத் தன்னந்தனியாகச் சந்தித்தார். அன்றே தன் கட்டிலை அம்மாவின் அறையிலிருந்து வெளியேற்றினார்!

அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு விழா. சுண்டுவிரலுக்குச் செய்த மோதிரத்தை ஆர்ச்பிஷப் பக்கத்து விரலில் திணித்துவிட, பிறகு ஐஸ் தண்ணீரில் கையை நனைத்துத்தான் கழற்ற முடிந்தது. அரண்மனைக்குத் திரும்பியதும் ராணி போனது எங்கே தெரியுமா? செல்ல நாய் டாஷைக் குளிப்பாட்ட!

இந்தப் பெண்ணை நேசிக்கலாம். பேரரசியை மன்னிப்பதுதான் கஷ்டம். 1877 ஜனவரி 1 அன்று தில்லி தர்பாரில் அவரை இந்தியாவின் பேரரசியாக அறிவித்தபோது, சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. வைஸ்ராய் லிட்டன் தர்பாரை நிறுத்தவில்லை. தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. லட்சக்கணக்கானோர் மாண்டனர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, அந்தப் பஞ்சத்தில் கூலிக்காக மக்கள் வெட்டியது.