பொக்குக் காயும் பில் இல்லாத மூட்டையும்

வேலூர்ப் பக்கத்து அமிர்திக் காட்டோரத்து மானாவாரி நிலங்களில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவருக்கு, நுண்ணூட்டம் கலந்த உரம் வெறும் கடைக்காரர் பேச்சல்ல. விழுது மண்ணுக்குள் இறங்கியபின், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது. மேல்மண்ணில் அது இல்லையென்றால் செடி எவ்வளவு தழைத்தாலும் காய் பொக்குதான். போரான் குறைந்தால் பருப்பின் நடுவில் குழி விழும். இதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், விதைத்தவுடன் ஹெக்டேருக்கு 12.5 கிலோ நுண்ணூட்டக் கலவையை மணலோடு கலந்து தூவவும், சுண்ணாம்புச் சத்துக்காக, மானாவாரியில் 40 முதல் 75ஆம் நாளுக்குள் ஈரம் பார்த்து 400 கிலோ ஜிப்சம் இடவும் சொல்கிறது. ஏக்கருக்குச் சுமார் 5 கிலோவும் 160 கிலோவும்.

ஆனால் எந்தச் சத்து குறைகிறது என்று தெரியாமல் பையை வாங்குவது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று பாராமல் மாத்திரை போடுவது போலத்தான். அதிலும் போரான் தேவைக்குக் கொஞ்சம் மிஞ்சினாலே நஞ்சு. மண் பரிசோதனை முடிவு வருவதற்குள் மழை போய்விடும் என்பார்கள். நியாயம்தான், ஆனால் துத்தநாகமும் போரானும் பருவத்துக்குப் பருவம் தலைகீழாக மாறுவதில்லை. கோடை உழவின்போது மண் எடுத்துக் கொடுத்தால் அடுத்த சில பருவங்களுக்கு அதுவே வழிகாட்டும். 2015இல் வந்த மண்வள அட்டையின் 12 அளவீடுகளில் இவ்விரண்டும் உண்டு.

அடுத்த ஆபத்து கலப்படம். துத்தநாக சல்பேட்டும் விலை குறைந்த மெக்னீசிய சல்பேட்டும் கண்ணுக்கு ஒன்றே. டி.ஏ.பி. உரம் கரைத்த நீரில், வாங்கிய சரக்கின் கரைசலை ஊற்றிப் பார்த்தால் துத்தநாகம் கட்டி கட்டியாகத் திரியும், மற்றது திரியாது. இது முதற்கட்டச் சந்தேகத்துக்கு மட்டுமே. வழக்குக்கு ஆய்வக அறிக்கை வேண்டும். 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கடைக்காரர் இருப்பையும் விலையையும் பலகையில் காட்ட வேண்டும், பில் தர வேண்டும். கடனுக்கு வாங்குகிறவர் எந்த முகத்தோடு பில் கேட்பது என்று தயங்குவது இயல்பு. ஆனால் ஆணை ரொக்கத்துக்கும் கடனுக்கும் சேர்த்தேதான் பில்லைக் கட்டாயமாக்குகிறது. யூரியா வேண்டுமானால் இந்தப் பையையும் எடு என்று தலையில் கட்டினாலும், சரக்கில் சந்தேகம் வந்தாலும் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மாதிரி எடுக்கும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. மீதி மூட்டையைத் தையல் பிரிக்காமல் வையுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உரத்துக்கும் பொருந்தும் வாதம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வழிகேட்க நுகர்வோர் உதவி எண் 1915.

பாலாற்றங்கரைக்கு இறங்கினால் நோயே வேறு. தோல் பதனிடும் பகுதியில் ஆலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனதை 1996 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. உப்பு நீரே பாயும் கொல்லையில் நுண்ணூட்டப் பை எதையும் மீட்காது. அங்கே விவசாயி கேட்க வேண்டியது இழப்பீடு: இன்னும் பெறாத குடும்பங்களுக்கு அரசு அதைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.