வேப்ப முண்டை விறகாக்காதீர்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இப்படிச் சாயும் மரத்தை அறுக்கும்போது, நேரான பலகை தராது என்று விறகோடு ஒதுக்கப்படுவது அடிமரத்தில் புடைத்திருக்கும் முண்டு. அந்த மரத்திலேயே அழகான பாகம் அதுதான்.

காயமோ தொற்றோ பட்ட இடத்தில், உறங்கிக் கிடந்த மொட்டுகள் கிளையாக விரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளேயே பெருகி மரம் வீங்குகிறது. அறுத்துப் பார்த்தால் ரேகை சுழன்று சுழன்று, இடையிடையே கண் கண்ணாகத் தெரியும். அந்தமான் படாக் மரத்தின் முண்டுக்கு உலகச் சந்தையில் மதிப்பு அதிகம். நம் வேம்பு, புளி, தூங்குமூஞ்சி மரங்களிலும் முண்டு வருவதுண்டு.

அழகைத் தரும் ரேகைதான் தொல்லையையும் தருகிறது. சாதாரணப் பலகை காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். முண்டில் ரேகை எல்லாத் திசையிலும் ஓடுவதால் ஒவ்வொரு பகுதியும் ஒரு பக்கம் இழுக்கிறது. அவசரமாகக் காய வைத்தால் வெடிக்கும்.

சென்னையின் தண்டையார்பேட்டை போன்ற கடலோரத்தில் இன்னொரு சிக்கல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டியிருந்தால், எத்தனை மாதம் நிழலில் கிடந்தாலும் மரத்துக்குள் சுமார் 14 சதவீத ஈரம் தங்கும். அதே மரம் ஏசி அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு இறங்கும். பட்டறையில் நன்றாக இருந்த கிண்ணம் வாங்கியவர் வீட்டில் விரிசல் விடுவது இதனால்தான். கடைசல்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை.

பேனா, கத்திப்பிடி போன்ற சிறு பொருள்களுக்குத் தீர்வு, மரத்துக்குள் பிசினை ஏற்றி இறுக்குவது. துண்டை 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்தி, காற்றுப் புகாத பையில் ஆறவிட வேண்டும். பிறகு சூட்டில் இறுகும் அக்ரிலிக் பிசினில் மூழ்கடித்து, வேக்குவம் பம்ப்பால் காற்றை உறிஞ்ச வேண்டும். ஏசி மெக்கானிக்குகளிடம் இருப்பதும் இந்த வகைப் பம்ப்தான். மரத்திலிருந்து குமிழி வருவது நின்றபின் பம்ப்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டாலும் துண்டை உடனே வெளியே எடுக்கக் கூடாது. மரம் பிசினைக் குடிப்பது அப்போதுதான். பல மணி நேரம் ஊறவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றிச் சுமார் 90 டிகிரியில் சுட்டால் பிசின் இறுகிவிடும். சமையலறை ஓவனை இதற்குத் தொடவே கூடாது; புகை நச்சு.

உளுத்து மென்மையான முண்டு பிசினை நன்றாகக் குடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கு, அடர்ந்த செம்மரம் ஆகியவற்றில் ஏறுவது கடினம். பெரிய கிண்ணத்துக்கும் மேசைக்கும் பிசின் தேவையில்லை என்பதே என் கருத்து. கிண்ணத்தைப் பச்சையாக இருக்கும்போதே தடிமனாகக் கடைந்து, மெதுவாகக் காயவிட்டு, மறுபடி கடைவது போதும்.

மேல்பூச்சில் நம் அரக்கு பாலிஷை மிஞ்சிய ஒளி இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அதைப் பூசாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். லின்சீட் எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வீடுகள் ஒட்டிநிற்கும் சந்துகளில் இது உயிர் போகிற விஷயம். துணியை விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசமும் கட்டாயம்.

நிற்கும் மரத்தில் முண்டை வெட்டாதீர்கள்; அந்தக் காயம் மரத்தையே கொல்லலாம். அடுத்த புயலில் உங்கள் தெருவில் மரம் சாய்ந்தால், அறுக்க வரும் மாநகராட்சி ஊழியரிடம் முண்டை முழுதாக விட்டுத்தரக் கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால், அறுத்த முகத்தில் அன்றே மெழுகோ பழைய பெயிண்டோ பூசி நிழலில் வையுங்கள்.