தொப்புளுக்குத் தகுந்த இடம்

தாயின் வயிற்றிலே நாம் பத்து மாதம் குடியிருந்தோம் என்பதற்கு நம் உடம்பில் ஓர் அத்தாட்சி உண்டு. அதுதான் தொப்புள். கொடியை அறுத்து, மிச்சமிருந்த துண்டு உலர்ந்து உதிர்ந்ததும் ஏற்பட்ட தழும்பே அது. பிறந்த பிறகு அதற்கென்று ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும்! பிரசவங்களுக்குப் பின் தளர்ந்து தொங்கும் வயிற்றை ஆபரேஷன் செய்து சீராக்குகிறார்களே, அந்த டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"அழகுக்காக யாராவது வயிற்றைக் கிழித்துக் கொள்வார்களா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுங்கள். இரண்டு மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், இரட்டைப் பிள்ளை சுமந்தவர்களுக்கும், வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரு தசைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போவதுண்டு. தோலும் வெகுவாக நைந்து விடும். தசை விலகல் தேகப்பயிற்சியினால் பலருக்குக் குறைகிறது. ஆனால் தளர்ந்து போன தோலை எந்தப் பயிற்சியும் இழுத்துப் பிடிக்காது. மடிப்புக்குள் வேர்வை தங்கிப் புண்ணாகி அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி முன் நிற்கவே கூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் தீர்மானம். ஆனால் தீர்மானிக்கும் முன் விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டாமா?

1899-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரில் ஹோவர்ட் கெல்லி என்ற பிரபல டாக்டர், தொங்கும் வயிற்றின் தோலையும் கொழுப்பையும் வெட்டியெடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அந்தக் காலத்தில் பாரத்தைக் குறைப்பதே பெரிய காரியம். தொப்புளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? வெட்டிய தோலோடு அதையும் எடுத்து விடுவதுண்டு. 1957-ல் வெர்னன் என்ற டாக்டர், தொப்புளை விட்டு வைத்து, அதற்குப் புதிய வாசல் திறக்கும் முறையை விவரித்தார். 1967-ல் பிரேஸில் நாட்டின் ஈவோ பிட்டாங்கி, தொடர்ச்சியாகத் தாம் செய்த 300 ஆபரேஷன்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். தழும்பு அடிவயிற்றில் மறைவாக அமைய வேண்டும், விலகிய தசைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்ற வழி அதன் பிறகு நன்றாக வேரூன்றியது. ரியோ டி ஜெனிரோ நகரின் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் ஏழைகளுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி செய்யத் தனி வார்டு நடத்தியவர் அவர்.

சரி, தொப்புளை எப்படி இடம் மாற்றுகிறார்கள்? இங்கேதான் பலர் தவறாக நினைத்துக் கொள்கிறார்கள். முழு ஆபரேஷனில் தொப்புள் இடம் மாறுவதே இல்லை. அதைச் சுற்றியிருக்கும் தோல்தான் இடம் மாறுகிறது!

ரவிக்கையை நினைத்துக் கொள்ளுங்கள். பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. துணியைக் கீழே இழுத்துவிட்டு, பொத்தானுக்கு நேராகப் புதுக் காஜா எடுக்கிறோம். ஏறக்குறைய அதே வேலைதான். முதலில் தொப்புளைச் சுற்றி வெட்டி, தோலிலிருந்து அதை மட்டும் தனியாகப் பிரிக்கிறார்கள். அது தன் காம்போடு உள்ளே தசைச் சுவரில் ஒட்டியபடியே நிற்கும். பிறகு அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு குறுக்கே கீறி, தோலை விலா எலும்பு வரையில் தூக்குகிறார்கள். தசைகளைச் சேர்த்துத் தைத்தபின், ஆபரேஷன் மேஜையை நடுவில் மடக்கி, தோலைக் கீழ்நோக்கி இழுத்து, மிஞ்சியதை வெட்டி விடுகிறார்கள். தோல் போதுமான அளவு தளர்ந்திருந்தால் பழைய துவாரம் அந்த மிச்சத்தோடு போய்விடும். இல்லாவிட்டால் அதைத் தைத்து மூட வேண்டும். நடுவயிற்றில் சிறு தழும்பு ஒன்று நிற்கும்.

இனிதான் பரீட்சை. தொப்புள் தோலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. அது எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது என்று டாக்டர் அளந்து பார்த்து மேலே குறியிட்டு, அங்கே சிறு வாசல் திறந்து, தொப்புளை வெளியே கொணர்ந்து தைக்கிறார். இதற்காகவே ஆபரேஷனுக்கு முன் நோயாளியை நிற்க வைத்து, மார்பெலும்பின் நுனியிலிருந்து அடிவயிறு வரை நடுக்கோடு வரைந்து கொள்கிறார்கள். படுத்திருக்கும் போது தோல் பக்கவாட்டில் சரிந்து விடும் அல்லவா?

தொப்புள் ஏறக்குறைய இரண்டு இடுப்பெலும்புகளின் உச்சிகளை இணைக்கும் கோட்டின் அருகே அமைகிறது. மார்பெலும்பிலிருந்து தொப்புள் வரையிலான தூரம், அங்கிருந்து அடிவயிறு வரையிலான தூரத்தை விட அதிகம். இன்னொரு வேடிக்கை: இயற்கையிலேயே தொப்புள் சரியாக நடுக்கோட்டில் அமைந்தவர்கள் மிகச் சிலரே என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஆகவே உங்கள் தொப்புள் இம்மியளவு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அது ஆபரேஷனுக்கு முன்பே அப்படித்தான் இருந்ததா என்று பழைய புகைப்படத்தைப் பாருங்கள்!

இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, வடிவமும் வேண்டும். இயற்கையான தொப்புள் சற்று நீளவாட்டில், உள்ளே குழிந்து, மேலே சிறு இமை கவிழ்ந்தாற்போல் இருக்கும். வட்டமாகச் சுற்றித் தைத்தால் தழும்பு சுருங்கி வாசலையே அடைத்து விடக்கூடும். எனவே பல டாக்டர்கள் முட்டை வடிவமாகவோ வளைவாகவோ வெட்டுகிறார்கள். ஓரங்களை உள்ளே தசைச் சுவரோடு சேர்த்துத் தைத்தால், தழும்பு குழிக்குள் ஒளிந்து கொள்ளும்.

ஆபத்து எங்கே? தோலிலிருந்து பிரித்தபின் தொப்புளுக்கு ரத்தம் வருவது காம்பு வழியாகத்தான். தொப்புளில் குடலிறக்கத்துக்கு முன்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கும், இப்போது குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் அந்த ரத்த ஓட்டம் குறைந்து போகலாம். ரத்தம் போதாவிட்டால் தொப்புள் கறுத்து அழுகிவிடும். அப்படிப் போனாலும் தோலைக் கொண்டே புதுத் தொப்புள் உண்டாக்க வழிகள் இருக்கின்றன. ஆனால் வராமல் தடுப்பது மேல் அல்லவா? ஆகையால் கருத்தடைக்கோ பித்தப்பைக்கோ தொப்புள் வழியாகக் குழாய் விட்டு ஆபரேஷன் செய்து கொண்டிருந்தால், மறக்காமல் சொல்லி விடுங்கள். சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் ரத்தக் குழாய்களைச் சுருக்கக் கூடியது. அதை டாக்டர் சொல்லும் காலத்துக்கு முன்பே நிறுத்தி விடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் அதுவும் கட்டுக்குள் வர வேண்டும்.

இது உடல் எடையைக் குறைக்கும் வைத்தியம் அன்று. எடை ஒரு நிலைக்கு வந்து, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகு செய்து கொள்வதே நல்லது. மறுபடி கர்ப்பமானால் வயிறு மறுபடி தளரலாம். கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் உண்டாகையால், படுத்தே கிடக்காமல், டாக்டர் சொன்னபடி சீக்கிரமே எழுந்து மெல்ல நடக்க வேண்டும். சுமார் ஆறு வாரம் கனமான குடத்தையோ குழந்தையையோ தூக்கக் கூடாது. அதற்கு வீட்டில் கைகொடுக்க ஆள் உண்டா என்று முன்கூட்டியே யோசியுங்கள். தொப்புளுக்குக் கீழே சில மாதங்கள் வரை உணர்ச்சி மந்தமாக இருப்பதும் சகஜமே.

சகோதரிகளே! டாக்டரைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்குச் சமமான பட்டம் பெற்றவரா? என் தொப்புள் எங்கே அமையும்? அதன் தழும்பு எப்படியிருக்கும்? பழைய துவாரம் போய்விடுமா, தழும்பாக நிற்குமா? நீங்கள் செய்த ஆபரேஷன்களின் படங்களைக் காட்ட முடியுமா? இவற்றைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது கழுத்து இறக்கம் எவ்வளவு என்று பத்துத் தடவை சொல்லுகிறோம். அதையாவது பிரித்துத் தைக்கலாம். வயிற்றில் ஒருமுறை திறந்த வாசலைத் தழும்பில்லாமல் மூட முடியாது. கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத டாக்டரிடம் வயிற்றை ஒப்படைக்க வேண்டிய அவசியமும் இல்லை.