வைரத்துக்குள் ஒரு காலி இடம்

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைப் பக்கம் இறங்கினால், தேயிலை மலைகளைத் தாண்டி ஒக்கம்பிட்டிய வந்துவிடும். அங்கே குழி தோண்டி, இல்லம் எனப்படும் இரத்தினக்கல் மண்ணை அள்ளி, கூடையில் போட்டுத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி அலசுவார்கள். சேறு கரைந்த பிறகு அடியில் சில வேளை ஒரு நீலக்கல் மின்னும். அது குருந்தக்கல் வகை; சுத்தமான குருந்தக்கல்லுக்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டேனியமும் துளியளவு கலந்ததால்தான் அந்த நீலம். குரோமியம் கலந்தால் மாணிக்கம். 1960இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை உண்டாக்கியதும் மாணிக்கக் கோலில்தான்.

வைரத்தில் படைத்தவன் வைத்திருப்பது இதைவிட நுட்பமான கலப்பு. காபன் அணுக்கள் அணிவகுத்த இடத்தில் ஒன்றுக்குப் பதில் நைதரசன் அமர்ந்து, பக்கத்து இடம் காலியாகக் கிடக்க வேண்டும். பச்சை லேசரைக் காட்டினால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும், ஒரு தடவைக்கு ஒரே ஓர் ஒளித்துணிக்கையாக. அங்குள்ள இலத்திரன்கள் சாதாரண அறை வெப்பநிலையிலும் தங்கள் சுழற்சி நிலையைக் காத்துக்கொள்கின்றன. ஒரு காரணம், இயற்கையில் 100 காபன் அணுக்களில் ஏறக்குறைய 99இன் கருவுக்குக் காந்தக் குணமே இல்லை. லயத்தில் அக்கம்பக்கத்துக் காம்பராக்கள் அமைதியாக இருந்தால் நடுக் காம்பராவில் பிள்ளை நிம்மதியாகப் படிக்கிறதே, அப்படித்தான்.

அந்தக் காலி இடத்தை உண்டாக்கும் விதத்தைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். நைதரசனை வேகமாக வைரத்துக்குள் செலுத்துகிறார்கள்; அணுக்கள் இடம்பெயர்ந்து வெற்றிடங்கள் பிறக்கின்றன. 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கியதும் அவை உள்ளே அலைகின்றன. சில நைதரசனுக்கு அருகே போய்த் தாமாகவே தங்கிவிடுகின்றன. நைதரசனைச் செலுத்திய பிறகு மனிதன் செய்வது அடுப்பேற்றுவது மட்டும்தான்!

ஆனால் வைரம் தன் ஒளியை எளிதில் விடாது. பெரும்பகுதி மேற்பரப்பில் மோதி உள்ளேயே திரும்பிவிடும். அதனால் 2010இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வைரத்தில் தூண்கள் செதுக்கினார்கள்: தடிப்பு சுமார் 200 நானோமீற்றர், உயரம் 2 மைக்ரோமீற்றர். கிடைத்த வெளிச்சம் ஏறத்தாழ 10 மடங்கு. உளியாக நின்றது மின்னேற்றிய ஒட்சிசன். மேலே வைத்த மூடி காக்காத காபனை அது காபனோரொட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் ஆக்கிக் கொண்டுபோய்விடுகிறது. நாம் மூச்சிழுக்கும் அதே ஒட்சிசன் இத்தனை கடினமான கல்லைத் தின்கிறது. அது விடும் அதே வகைக் காபனீரொட்சைட்டைத்தான் நம் தோட்டத்துத் தேயிலைச் செடிகள் பகலெல்லாம் உண்டு கொழுந்து விடுகின்றன.

2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீற்றர் தள்ளியிருந்த இரண்டு வைரங்களில் இத்தகைய காலி இடங்களில் இருந்த இலத்திரன்களைக் குவாண்டம் முறையில் பிணைத்துக் காட்டினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, உயிருள்ள மனித உயிரணுவுக்குள் இத்தகைய காலி இடமுள்ள வைரத் துகளை வைத்து, உள்ளே இடத்துக்கு இடம் எவ்வளவு சூடு என்று அளந்திருந்தார்கள்.