ஸ்ரோக்ஸ்ரவுன் மாளிகையும் அதன் கணக்குப் புத்தகங்களும்

அயர்லாந்தின் நாட்டுப்புற மாளிகைகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூந்தோட்டம் பார்க்கவே போகிறார்கள். நானும் அதற்காகத்தான் ரிக்கற் எடுத்தேன். ரொஸ்கொமன் மாவட்டத்தில், மஹோன் குடும்பம் ஏறத்தாழ முந்நூறு வருடங்கள் வைத்திருந்த ஸ்ரோக்ஸ்ரவுன் மாளிகையில், மதிலால் சூழப்பட்ட பழைய தோட்டத்தைத் திருத்தி 1997இல் திறந்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து வைத்தவை சமையலறையும் குதிரை லாயமும்.

சமையலறைக்கு மேலே ஒரு மாடம் ஓடுகிறது. வீட்டுத் தலைவி கீழே இறங்குவதில்லை; அங்கு நின்றபடியே சாப்பாட்டுப் பட்டியலைச் சமையற்காரியிடம் போட்டுவிடுவாராம். வேலையாட்கள் கண்ணில் படாமல் போய்வர நிலத்தடிப் பாதை வேறு. ஒரு வர்க்கம் மற்ற வர்க்கத்தின் முகத்தைக் காணாமலே அதன் உழைப்பில் வாழ்வதற்கான ஏற்பாட்டைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

லாயத்தில் இருப்பது பஞ்ச அருங்காட்சியகம். 1994இல் திறக்கப்பட்டது. மேஜர் டெனிஸ் மஹோன் பெருங்கடனோடு இந்த நிலங்களுக்கு உரித்தாளியானது 1845இல். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்ததும் அதே வருடந்தான். 4 பவுண் அல்லது அதற்குக் குறைந்த மதிப்புள்ள காணிகளுக்கு, வறியோர் வரியை நிலப்பிரபுவே கட்டவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே வாடகை தரமுடியாத சிறு குடியானவன் இருந்தாலே நட்டம். வறியோர் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றுவது மலிவு என்று மஹோனின் முகவர் கணக்குப் பார்த்தார். கொடூரம் என்று நாம் சொல்வது அந்தப் பேரேட்டில் வெறும் கழித்தற் கணக்கு.

1847 மே மாதம் 1,490 பேர் டப்ளின் வரை சுமார் 165 கிலோமீற்றர் நடந்தார்கள். அங்கிருந்து லிவர்பூல், பிறகு கியூபெக். அவர்களிற் பலரை ஏற்றிய 'வேர்ஜினியஸ்' கப்பலில் 476 பயணிகள். 158 பேர் கடலிலேயே இறந்தனர். அதே வருடம் நவம்பரில் மஹோன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவையெல்லாம் நமக்குத் தெரியவருவது மாளிகையின் அலுவலகத்தில் கிடந்த கடதாசிகளால். 1979இல் உள்ளூர்க் கராஜ் ஒன்று லொறிகளுக்கு இடம் தேடி இந்த வளவை வாங்கியது. கடதாசிகளுக்குள் 1846இல் குடியானவர்கள் பிரபுவுக்கு எழுதிய மனு ஒன்றும் இருந்தது. அதன் பிறகுதான் மாளிகையைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று.

என்னோடு வந்த நண்பர் இதில் உடன்படவில்லை. 1920க்கும் 1923க்கும் இடையில் 300க்குக் கிட்டிய மாளிகைகள் எரிக்கப்பட்டனவே, இதை மட்டும் ஏன் விட்டார்கள் என்பது அவரது கேள்வி. அந்தக் கோபம் எனக்கு விளங்காததல்ல. ஆனால் 1922இல், உள்நாட்டுப் போரின்போது, டப்ளினின் அரச ஆவணக் காப்பகமும் எரிந்தது. பஞ்சத்துக்கு முன்னும் பின்னுமான குடிசன மதிப்புப் பதிவுகள், 1821 முதல் 1851 வரையானவை, பெரும்பாலும் அதோடு போயின. (ஆவணம் எரிவது பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) இன்று ஒரு குடியானவனின் பெயரைத் தேடுபவன், அவனைத் துரத்தியவனின் பேரேட்டில்தான் தேடவேண்டியிருக்கிறது. அந்தப் பேரேடு அவனைச் செலவாகத்தான் எழுதியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் எழுதியிருக்கிறது. பிரபுவின் கையெழுத்தைக் குடியானவன் பக்கம் நின்று வாசிக்கலாம். சாம்பலை அப்படி வாசிக்க முடியாது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இதை நண்பரிடம் சொன்னேன். கடதாசிகளை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டைக் கொளுத்தியிருக்கலாமே என்றார். லாயம்? அது இருக்கட்டும் என்றார்.