எல்லா மேடைக்கும் ஒரே அம்ப்: கொழும்புக் கிட்டார்க் கலைஞரின் தெரிவு

மின்கிட்டார் தன்னளவில் மிக மெலிதாகவே ஒலிக்கும் வாத்தியம். அதன் உருக்குத் தந்திகள் அதிரும்போது, அவற்றுக்குக் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் சேர்ந்து அமைந்த ‘பிக்கப்’ என்னும் உறுப்பில் ஒரு வோல்ற்றின் சிறு பகுதியளவான மின்சமிக்ஞை தோன்றுகிறது. நலிந்த அந்தச் சமிக்ஞையை ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்கு வளர்த்தெடுக்கும் கருவியே கிட்டார் அம்ப்ளிபயர், இசைக்குழுக்களின் வழக்கில் அம்ப். திருவிழா ஒலிபெருக்கியின் அம்ப்ளிபயர் தன்னிடம் வந்த ஒலியை மாற்றாமல் பெரிதாக்க வேண்டும் என்பதே அதைச் செய்தவரின் நோக்கம். கிட்டார் அம்போ, ஒலியைப் பெரிதாக்கும்போதே அதற்கு ஒரு நிறத்தையும் தடிப்பையும் ஏற்றுவதற்கென்று அமைக்கப்படுவது. இதனால் அம்பைத் துணைச்சாமான் என்று கருதுவது பிழை. அது வாத்தியத்தின் மறுபாதி. கிட்டாருக்கு இலட்சக்கணக்கில் செலவிட்டுவிட்டு, எஞ்சிய காசுக்குக் கிடைத்த அம்பை வாங்குபவர், தாம் வாங்கிய கிட்டாரையே பாதி இழந்துவிடுகிறார்.

கொழும்பில் இந்தத் தெரிவு ஏனைய பல நகரங்களைவிடச் சிக்கலானது. ஒரே கலைஞர் ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவுடன் வாசித்து, மாலையில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு திருமண வரவேற்பில் தமிழ்ச் சினிமாப் பாடல்களையும் பைலாவையும் வாசித்து, வார நாட்களில் தொடர்மாடி வீட்டின் சிறிய அறையில் பயிற்சி செய்யவேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அம்ப் வைத்திருக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஓர் அம்ப் எது என்னும் கேள்வி இங்கு வெறும் இரசனைக் கேள்வியன்று, பிழைப்போடு சேர்ந்த கேள்வி.

இந்தக் கலப்புக்கு வரலாறும் உண்டு. 1960களின் பிற்பாதியில் கிளாரன்ஸ் விஜேவர்தன ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் வழியாக மின்கிட்டாரைச் சிங்களப் பாடலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். அதே காலத்தை ஒட்டி, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போன்ற பாடல்களோடு ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை எழுந்தது, ஏ. ஈ. மனோகரன் அதை மேடைதோறும் கொண்டுசென்றதோடு, ‘சுராங்கனி’யைக் கடல் கடந்து தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளிலும் பாடவைத்தார். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய தாளம் பெரும்பாலும் போர்த்துக்கேயர் வழிவந்த பைலாத் தாளமே. கொழும்பு அம்பின் இலக்கணத்தை வகுப்பதும் உண்மையில் இந்தத் தாளந்தான்.

பைலாவின் 6/8 ஓட்டத்தில் கிட்டார் வாசிப்பவரின் வலது கை நிற்காமல் மேலும் கீழும் ஓட, இடது கை இடையிடையே தந்திகளின் மேலுள்ள அழுத்தத்தைத் தளர்த்தி ஒலியை அறுக்கிறது. ஒலி எழும் கணமும் அறும் கணமும் துல்லியமாகக் கேட்டால்தான் கேட்பவரின் கால் ஆடும். சமிக்ஞை அளவுமீறி வளரும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு ஒலி கரகரப்பதைத் திரிபு என்பர். ரொக் இசையில் அந்தத் திரிபு அழகு. நீண்டு இழுபடும் சுரத்துக்கு அது உடல் கொடுக்கிறது. பைலாவிலோ அது அறுப்புகளை நிரப்பி, ஆறு மாத்திரைகளையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. சினிமாப் பாடல்களின் இடையிசையில் வரும் மென்மையான கிட்டார் வரிகளும், தேவாலயத்தில் பாடுவோருக்குப் பின்னால் நிற்கவேண்டிய சுரக்கூட்டுகளும் கேட்பதும் இதே தெளிவைத்தான். ஆகவே கொழும்பில் எல்லாவற்றுக்குமான அம்ப் என்பது, மேளமும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கும் உரத்திலும் திரியாமல் நிற்கும் அம்பாகவே இருக்கவேண்டும். தெளிந்த ஒலியுள்ள அம்புக்கு முன்னால், காலால் இயக்கும் ஒரு பெடலை வைத்துத் திரிபை வேண்டியபோது வருவித்துக்கொள்ளலாம். திரியவே பழகிய அம்பிலிருந்து தெளிவை வருவிக்க எந்தப் பெடலாலும் முடியாது.

உலகப் புகழ்பெற்ற அம்புகளின் கதையும் இந்த இரண்டு விருப்பங்களுக்கும் இடையிலான இழுபறியே. அமெரிக்காவில் லியோ ஃபென்டரின் அம்புகள் தெளிந்த ஒலிக்குப் பேர்பெற்றவை. 1963இல் வந்த 85 வாற்று ‘ட்வின் ரிவேர்ப்’ அதன் உச்சம் எனலாம். இங்கிலாந்தில் ‘ஷடோஸ்’, ‘பீட்டில்ஸ்’ குழுக்கள் வாசித்த வொக்ஸ் ஏசி-30, 1959இல் பிறந்தது; அதன் ஒலியில் உயர்சுரங்கள் மணிபோல் ஒலிக்கும். இலண்டன் ஹேன்வெல்லில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபென்டரின் ‘பாஸ்மன்’ அம்பின் சுற்றமைப்பைத் தழுவி 1962இல் தமது முதல் அம்பை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்த மார்ஷல்களின் திரிபொலி ரொக் இசையின் முகமாகவே ஆகிவிட்டது. இவை யாவும் வால்வில் இயங்குபவை. வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய். அதன் சூடான உலோகத்திலிருந்து புறப்படும் இலத்திரன்களின் ஓட்டத்தைச் சிறிய சமிக்ஞையால் கட்டுப்படுத்திப் பெரிய சமிக்ஞையைப் பெறுவதே அதன் தொழில். எல்லையை நெருங்கும்போது வால்வு சட்டென்று உடையாமல் படிப்படியாகத் திரிவதால், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி இளகியும் இறுகியும் வருகிறது. வால்வு அம்பில் வாசித்துப் பழகியவர்கள் அதை விட்டுக்கொடுக்க மறுப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் தெளிவை மட்டுமே வேண்டுபவருக்கு வால்வு கட்டாயம் அல்ல என்பதை 1975இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் காட்டிவிட்டது. அதன் ‘ஜாஸ் கோரஸ் 120’ முழுவதும் திரான்சிற்றரால் இயங்குவது. இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியே 60 வாற்று. ஒரு ஸ்பீக்கரில் நேரான ஒலியையும் மற்றதில் சற்றே தாமதித்து அலையும் அதே ஒலியையும் அனுப்பி, இரண்டையும் காற்றிலே கலக்கவிடும் அதன் ‘கோரஸ்’ விளைவு, ஒரு கிட்டாரைப் பல கிட்டார்களாகக் கேட்கச் செய்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அது விற்பனையில் இருப்பது அதன் தகுதிக்குச் சான்று. பெரிய மேடைகளுக்கு அதைவிட நம்பகமான அம்ப் அரிது. எனினும் 30 கிலோவை நெருங்கும் அதன் எடை, முச்சக்கர வண்டியில் ஏறி இறங்கும் கலைஞருக்கு உகந்ததன்று. ட்வின் ரிவேர்ப்புக்கும் ஏசி-30க்கும் இதே குறை உண்டு.

எடையை ஏற்றுவது பெரும்பாலும் வாற்று மோகம். வாற்று என்பது வலுவின் அளவு, உரப்பின் அளவு அல்ல. காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் வலுவைப் பத்து மடங்கு ஆக்கவேண்டும். 50 வாற்று அம்புக்குப் பதிலாக 100 வாற்று அம்பை வாங்குவதால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே, அதாவது உற்றுக் கேட்டால் புலப்படும் அளவு உயர்வு. ஒரு மேடை ஃபென்டரின் வெறும் 22 வாற்று ‘டீலக்ஸ் ரிவேர்ப்’புக்கே அதிர்வதைக் கேட்டவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். மண்டபங்களில் கிட்டாரின் ஒலி எப்படியும் மைக் மூலமோ வயர் மூலமோ பொது ஒலித்தொகுதிக்குப் போகிறது. சபையின் கடைசி வரிசையை எட்டுவது அந்தத் தொகுதியின் கடமை, அம்பின் கடமை அல்ல.

வீட்டிலோ சிக்கல் நேர்மாறானது. வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உறங்குகிறது. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை உயர் நீதிமன்றம் 2007இல் கட்டுப்படுத்தியபின், அமைதிக்கான உரிமையை நகரவாசிகள் முன்னிலும் அழுத்தமாகக் கேட்கிறார்கள்; அது நியாயமான கோரிக்கையே. வால்வு அம்ப் தன் முழு அழகையும் காட்டுவது உரத்து ஒலிக்கும்போதுதான் என்பதால், அந்த அறையில் அது கட்டிப்போடப்பட்ட நிலையிலேயே இருக்கும். இன்னொரு நுணுக்கமும் கவனிக்கத்தக்கது: மனிதக் காது தாழ்ந்த உரப்பில் அடிச்சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது. வீட்டில் மெதுவாக ஒலிக்கும்போது இனிமையாகத் தோன்றுமாறு அடிச்சுரத்தைக் கூட்டி வைத்தவர், அதே அமைப்போடு மேடையில் உரப்பைக் கூட்டினால் ஒலி ஊதிக் கனத்து, பாஸ் கிட்டாரின் மேல் போய் விழுகிறது. மேடைக்கென்று தனி அமைப்பை வைத்துக்கொள்வதே இதற்கு வழி.

இலங்கையில் கவனிக்கவேண்டிய ஓர் ஆபத்து மின்னோட்டத்தில் இருக்கிறது. இங்கு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் அம்பை நேரே சுவரில் செருகினால் அதன் மின்மாற்றி எரிந்துபோகக்கூடும். இலண்டனிலிருந்தோ மெல்பேர்னிலிருந்தோ வருவதில் இந்தச் சிக்கல் இல்லை. பின்புறத் தகட்டில் எழுதியுள்ள வோல்ற்றளவை வாசிக்காமல் எந்த அம்பையும் செருகக்கூடாது. இரைச்சல் குறைகிறது என்று நிலத்தொடுப்பு வயரை வெட்டிவிடும் வழக்கம் இதைவிடக் கொடியது: 1972இல் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில், நிலத்தொடுப்புச் சரியாக இல்லாத மைக்கைத் தொட்ட கிட்டார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வி மின்தாக்கி இறந்தார். வால்வு அம்பைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று தங்கியிருக்கும் என்பதால், அதைத் திறப்பது பயிற்சி பெற்ற திருத்துநரின் வேலை.

2022 இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. அந்நியச் செலாவணி வற்றி, மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே மாதத்தில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை அறிவிப்பினால் உலக வால்வுச் சந்தையும் ஆட்டங்கண்டது. கிட்டார் அம்புகளுக்கான வால்வுகள் இன்று பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளில்தான் உற்பத்தியாகின்றன. வால்வு தேய்ந்து மாற்றவேண்டிய பொருள். இறக்குமதி ஒரு கையெழுத்தில் நின்றுபோகக்கூடிய தீவில், ஒரேயொரு அம்பை வைத்துப் பிழைப்பவர் வால்வை நம்பியிருப்பது துணிச்சல். இரண்டாவது அம்பாக அது இருப்பது இன்பம். காலி வீதிக்கு மேற்கே கடற்காற்றின் உப்பும் செருகுமிடங்களை அரிப்பதால், எந்த வகை அம்பானாலும் கடலோர வீடுகளில் மூடி வைப்பதும், தொடுமுனைகளை அவ்வப்போது துப்புரவாக்குவதும் அவசியம்.

‘எல்லாவற்றுக்கும்’ என்பதற்குள் அடங்காத ஒன்று உண்டு. 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வைப் போல, மரக்கிட்டாரின் உயிர்ப்பில் வாழும் பாடல்களுக்கு மின்கிட்டார் அம்ப் பொருந்தாது. அந்த அம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்களை நலியவிடுகிறது. திரிபின் கூர்மையை மழுக்க அது உதவினாலும், மரக்கிட்டாரின் தந்திமினுக்கத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். தேவாலயத்தில் மரக்கிட்டார் வாசிப்பவர் அதை நேரே பொது ஒலித்தொகுதியுடன் இணைப்பதே சிறந்தது.

எஞ்சிய எல்லாவற்றுக்கும், ஒரே 12 அங்குல ஸ்பீக்கரும் தெளிந்த ஒலியும் கொண்ட, 40 முதல் 50 வாற்று வரையான, வால்வற்ற அம்பே கொழும்புக் கலைஞருக்கு ஏற்றது. வலுவைக் குறைக்கும் வசதியும், ஹெட்போனுக்கும் பொது ஒலித்தொகுதிக்கும் ஒலியை அனுப்பும் வாயிலும் அதில் இருக்கவேண்டும். 2016இல் அறிமுகமான பொஸ் ‘கட்டானா 50’ இந்த அளவுகோலுக்கு மிக அருகில் வருகிறது: 50 வாற்றிலிருந்து அரை வாற்று வரை இறக்கலாம், எடை 12 கிலோவுக்குள். வால்வு அம்பின் விரலிணக்கத்தை அது முழுவதும் தருவதில்லை என்பது உண்மை. ஆயினும் ஞாயிறு காலையையும் மாலையையும் நள்ளிரவுப் பயிற்சியையும் ஒருசேரத் தாங்குகிறது. வாங்கச் செல்பவர்கள் கடைக்காரரின் கிட்டாரை நம்பாமல் தமது சொந்தக் கிட்டாரை எடுத்துச் செல்லவேண்டும். எல்லா விளைவுகளையும் அணைத்துவிட்டு, முதலில் மிக மெதுவாகவும் பிறகு இசைக்குழுவின் உரத்திலும் ஒரு பைலாவை வாசித்துப் பார்க்கவேண்டும். உரப்பைக் கூட்டியபின் தாளத்தின் அறுப்புகள் தெளிவாகக் கேட்கவில்லையெனில், அந்த அம்பின் பெயர் எதுவாக இருந்தாலும் அதை வாங்காமல் திரும்பிவிடவேண்டும்.