எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் நகைக்கடன் கேட்டு வருவோர் தொகை பெருகுவது ஆண்டுதோறும் காணும் காட்சியாகும். ஈரோடு வட்டாரத்தில் மஞ்சள் நடவுக்கும் அதுவே பருவமாதலின், விண்ணப்பங்களில் "சாகுபடிச் செலவு" என்றே எழுதப்பெறுகிறது. நகையை எடை போடும் வரையில் காத்திருக்கும் அங்கத்தினரோடு சற்றுப் பேசிப் பார்த்தாலோ உண்மை வெளிப்பட்டுவிடும். நடவுக்கு ஒரு பங்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மற்றொரு பங்கு. நெசவாளர் சங்கங்களின் நிலைமையும் இதுவே. சென்னிமலையில் படுக்கை விரிப்பும் பவானியில் ஜமக்காளமும் நெய்யும் குடும்பங்கள் பல, தீபாவளிக்கு வரவேண்டிய போனஸை மே மாதத்திலேயே மனத்தளவில் செலவு செய்துவிடுகின்றன.

தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா என்ற வினாவுக்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை ஒன்று இருப்பதாக நாம் கருதவில்லை. ஆயினும், நூறு ரூபாய்ப் பங்குத் தொகைக்கு ஆயிரம் கேள்வி கேட்கும் நம் அங்கத்தினர், பல இலட்சம் ரூபாய் செலவாகும் இந்தக் காரியத்தில் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேளாமலே கையொப்பமிட்டு விடுகின்றனர் என்பது நாம் பல ஊர்களிலும் கண்டது.

முதலாவது, இம்முடிவு எப்போது செய்யப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வகுப்பில் சேர்க்கும்போது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும்போதே முடிவு நடந்தேறி விடுகிறது. தனியார் பள்ளி எல்.கே.ஜி. என்று மூன்று வயதுக் குழந்தையை ஏற்றுக்கொள்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ முதல் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. கணவனும் மனைவியும் காலை ஆறு மணிக்கே தறியில் அமரும் வீட்டில், குழந்தையை வாசலில் வந்து ஏற்றிச் செல்லும் மஞ்சள் வேன் எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. இரண்டாண்டு அங்கே படித்துத் தோழர்களும் அமைந்துவிட்ட குழந்தையை முதல் வகுப்புக்கு வேறிடம் மாற்ற யாருக்கும் மனம் வராது. 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது இந்த ஓட்டையை உணர்ந்தே எனலாம். தம் ஊரில் அவ்வகுப்பு உண்டா என்று விசாரித்தறியாத பெற்றோர் இன்றும் பலர்.

அடுத்தது பாடம். மெட்ரிகுலேஷன் பள்ளியில் பாடம் உயர்ந்தது என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை. முன்னாளில் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நால்வகைப் பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டத்தின்பின் அவ்வேறுபாடு பத்தாம் வகுப்பு வரையில் மறைந்துவிட்டது. இப்போது மெட்ரிகுலேஷன் என்பது பெயர்ப் பலகையில் உள்ள சொல்லேயன்றிப் புத்தகத்தில் உள்ள வேற்றுமை அன்று. மத்திய வாரியப் பள்ளிகளின் செய்தி வேறு. ஆங்கில வழியும் தனியாருக்கே உரியதன்று. அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவுகள் உள்ளன. தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010-இல் சட்டமாயிற்று என்பதையும், 2020-இல் செய்த திருத்தத்தால் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் அமைந்திருக்க வேண்டும் என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

அப்படியாயின் தனியார் பள்ளியில் பிள்ளைகள் உண்மையிலேயே மிகுதியாகக் கற்கின்றனரா? அங்கே தேர்ச்சி மிகுதி என்பர். வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் சென்று சேரும் இடத்தில் தேர்ச்சி மிகுவதில் வியப்பில்லை. அது பள்ளியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்று பிரித்தறிவதே கடினம். இதனைப் பிரித்தறிய நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரப் பிரதேசத்தில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. 2008-ஆம் ஆண்டு தொடங்கி, 180 கிராமங்களில், அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குள் குலுக்கல் நடத்தி, சீட்டு விழுந்தவர்களைத் தனியார் பள்ளிக்குக் கட்டணமின்றி அனுப்பினர். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2015-இல் இதன் முடிவை வெளியிட்டனர். நான்காண்டுகளுக்குப் பின்னரும் தாய்மொழியிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆங்கிலத்தில் கண்ட முன்னேற்றமும் உறுதியாகச் சொல்லத்தக்க அளவில் இல்லை. ஹிந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முந்தினர். மற்றொன்றையும் மறையாது சொல்லவேண்டும்: அப்பள்ளிகள் தாய்மொழிக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியும், ஒரு பிள்ளைக்கு அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவிட்டும் அந்த அளவை எட்டின. ஆகவே இதைக் காட்டி அரசுப் பள்ளி மார்தட்டிக்கொள்ள இடமில்லை.

இனிச் செலவுக்கு வருவோம். கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். கட்டணம் 25,000 ரூபாய்; வேனுக்கு மாதம் 800 வீதம் பத்து மாதத்துக்கு 8,000; புத்தகம், சீருடை, காலணி வகைக்கு 7,000. ஆக ஆண்டுக்கு 40,000. எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை பன்னிரண்டு ஆண்டுகள். கட்டணம் ஒரு காசும் ஏறாது என்று வைத்தாலும் 4,80,000 ரூபாய். இதில் நகைக்கடன் வட்டி சேரவில்லை. பெற்றோர் முதலாண்டுத் தொகையை மட்டுமே பார்க்கின்றனர். ஐந்தாம் ஆண்டில் மஞ்சள் விலை வீழ்ந்தாலோ, சங்கத்தில் துணி தேங்கிப் பாவு கொடுப்பது குறைந்தாலோ எங்கிருந்து கட்டுவது என்ற கேள்வி எழுவதே இல்லை. சங்கத்தில் கடன் தவணை தவறினால் கெடு கேட்கலாம். பள்ளியில் தவறினால் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைக்கும் நிகழ்ச்சிகளை நாம் கேள்விப்படாத ஆண்டில்லை.

அவ்வாறு நின்ற பிள்ளைகளின் கதியே நம்மைப் பெரிதும் உறுத்துவது. நாம் தணிக்கைக்குச் சென்ற ஊர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்பில் கட்டணப் பாக்கியால் நின்ற சிறுவன் ஒருவன் விசைத்தறிக் கூடத்தில் தார் மாற்றிக்கொண்டிருந்தான். மாற்றுச் சான்றிதழ் தரமாட்டோம் என்று பள்ளி கூறிவிட்டதாம். அது இல்லாமல் அரசுப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று தந்தை நம்பிவிட்டார். ஆறு மாதம் இவ்வாறே கழிந்திருந்தது. மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிப்பதற்கான கருவியன்று என்றும், பாக்கி விவரத்தை அதில் எழுதக்கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியுள்ளது. எட்டாம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளுக்கோ, சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே கூறுகிறது. இச்செய்தி அத்தந்தைக்கு எட்டியிருந்தால் சிறுவனின் ஆறு மாதம் வீணாகியிராது. 1953-இல் சென்னை இராஜ்யத்தில், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததும், பெரும் எதிர்ப்புக்கிடையே 1954-இல் கைவிடப்பட்டதும் முதியோருக்கு நினைவிருக்கும். சட்டத்தால் தறிக்குத் திரும்பாத பிள்ளை கடனால் திரும்புவது கொடுமையன்றோ?

அதே சட்டத்தில் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தருகிறது. 2025-இல் மத்திய அரசின் நிதி வாராமையால் இச்சேர்க்கை அக்டோபர் மாதம் வரையில் தாமதமாயிற்று. இடம் கிடைத்தவர்கள் ஒன்றை மறத்தலாகாது: சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் ஒருங்கே தலைமேல் விழும்.

ஆறாம் வகுப்பும் ஒரு திருப்பம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020-இல் ஒதுக்கப்பட்டது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டபோது, அவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற விதியே வைக்கப்பட்டது. கட்டணம் தாளாது எட்டிலோ ஒன்பதிலோ பிள்ளையை மாற்றுவோர், மூன்றாண்டு முன்னதாக மாற்றியிருந்தால் பெற்றிருக்கக்கூடியதை இழக்கின்றனர். (25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எட்டு வரை பயின்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் பயில்வோருக்கு மட்டும் 7.5 விழுக்காட்டுச் சட்டம் இடமளிக்கிறது.)

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் மகன் வேனில் ஏறுவதும் மகள் ஊர்ப் பள்ளிக்கு நடப்பதும் நம் வட்டாரத்தில் அரிதன்று. அங்கத்தினர் ஒருவரின் மனைவியாரைக் காரணம் கேட்டோம். "பையன் நாளைக்கு நாலு பேருகிட்டப் பேசிப் பொழைக்கோணுமில்லீங்க? புள்ளைக்கு இங்கயே போதுமுங்க" என்றார். பேசிக்கொண்டிருந்த அந்நேரத்திலேயே, ஊர்ப் பள்ளிக்குச் செல்லும் அப்பெண் திண்ணையில் அமர்ந்து தாயின் சங்கப் பாஸ் புத்தகத்தில் கூலிப் பற்று வரவைக் கூட்டிச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குச் சரியாகவே இருந்தது.

அரசுப் பள்ளியின் குறைகளை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளிகள் உள்ளன. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றுவிட்டால் அன்று ஐந்து வகுப்பும் ஒருவரிடம். தூய்மையற்ற கழிப்பறையின் பொருட்டே மகளை வேறிடம் மாற்றிய தாய்மாரையும் அறிவோம். இத்தகைய பள்ளியில் சேர்த்தே தீரவேண்டும் என்று ஒரு தந்தையிடம் வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. ஆயினும் இக்குறை எவ்வாறு வளர்கிறது என்பது கூட்டுறவாளருக்குப் புதிதன்று. தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. பிள்ளைகள் குறையக் குறைய ஆசிரியர் பணியிடம் வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது; ஆசிரியர் குறைந்தார் என்று மேலும் பத்துப் பேர் விலகுகின்றனர். வெளி மாஸ்டர் வீவரிடம் கூலி சற்று மிகுதி என்று அங்கத்தினர் ஒவ்வொருவராகப் பாவை மாற்றிக்கொண்டு, கடைசியில் பெயரளவில் நின்றுபோன நெசவாளர் சங்கங்களின் கதையும் இதுவேயன்றோ? சங்கம் மறைந்தபின் அந்த வெளிக்கூலி என்னவாயிற்று என்பதை அவ்வூரார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சங்கத்துக்கும் பள்ளிக்கும் உள்ள ஒப்புமை இதனோடு முடியவில்லை. தனியார் பள்ளியில் பெற்றோர் வாடிக்கையாளர். பிடிக்கவில்லையெனில் விலகலாம், அவ்வளவே. அரசுப் பள்ளியில் அவர் அங்கத்தினர். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அக்குழுவின் கடமைகள். தமிழ்நாட்டில் 2022-இலும் 2024-இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. மகாசபையில் சாயப்பட்டறைச் செலவை வரி வரியாகக் கேட்கும் அங்கத்தினர் எத்தனை பேர் இக்குழுவில் அமர்ந்திருக்கின்றனர்? கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் இல்லை என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிய குழு உள்ள ஊரில், அது எவ்வளவு மெதுவாயினும் ஒரு நாள் வந்துசேர்வதை நாம் கண்டிருக்கிறோம். தெருவில் நின்று குறை கூறியதால் வந்ததைக் கண்டதில்லை.

ஊரார் பள்ளியைத் தமதாகக் கொள்வது நம் நாட்டுக்குப் புதிய பழக்கமும் அன்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு பரவியபோது, ஊரார் அளித்த அரிசியும் பருப்பும் அதற்குத் துணையாயின. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், நாற்காலி, கடிகாரம், சீருடை, நிலம் என்று மக்கள் தந்தவை பல. இன்று நல்ல நிலையில் உள்ள சங்கங்கள் தம் பொது நல நிதியிலிருந்து, மகாசபையின் ஒப்புதலோடும் விதிகளுக்கு உட்பட்டும், ஊர்ப் பள்ளிக்குச் சிறு உதவி செய்யலாம். பணத்தைவிட ஆள் செல்வதே முக்கியம் என்பது நம் கருத்து.

அதற்கும் ஓர் இடையூறு உள்ளது. மேலாண்மைக் குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடைபெறுகிறது. நாம் சென்று பார்த்த நெசவாளர் சங்கங்கள் சிலவற்றில், துணியை ஒப்படைத்துக் கூலி பெற்றுப் புது நூல் வாங்கும் நாளும் அதுவே. கூலி வாங்க நிற்கும் தாய் பள்ளிக் கூட்டத்துக்குச் செல்ல இயலாது. பட்டுவாடா நாளை வியாழனுக்கோ சனிக்கோ மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்றே போதும். பதிவாளரின் அனுமதிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.